நிலுவை

மசோதா இன்னும் குழுவில் இருக்கிறது.
எந்தக் குழுங்க, என்றார் மாதையன்.
மகளிர் குழு அவருக்குத் தெரியும்.
திருவிழாவுக்குத் திருவிழா அடித்துக்கொள்ளும் இளைஞர் குழுவும் தெரியும்.
இது சென்னையில் இருக்கிறது, நம்மோடு சேர்த்துப்
பதினொரு ஊராட்சிகளைச் சேலம் மாநகராட்சியில்
கரைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற குழு, என்றேன்.
யோசிக்கட்டுங்க, என்றார்.
மோட்டார் புகைஞ்சு போச்சு.

செங்கரட்டுக்கு ஒரே தொட்டி, ஒரே மோட்டார்.
காயில் கட்டப் பதினெட்டாயிரம்.
"புதுச் செலவு எதுவும் இப்ப வேண்டாம்மா"
என்கிறார் தனி அலுவலர் போனில்.
மூன்று ஊராட்சிக்கு அவர் ஒருவர்.
தலைவரின் காலம் முடிந்துவிட்டது, நாற்காலி இருக்கிறது.
வார்டு பிரித்தால்தான் தேர்தல்,
மசோதா வந்தால்தான் வார்டு.
எழுத்தில் கொடுங்கள் சார் என்றால் சிரிக்கிறார்.

வந்த சட்டத்தோடு சண்டை போடலாம்.
பிரிவு எண் இருக்கும், விதிவிலக்கு இருக்கும்,
ஏதாவதொரு "எனினும்" இருக்கும் நுழைந்துகொள்ள.
வராத சட்டத்துக்குக் கதவே இல்லை,
ஆனால் வாசலில் அதுதான் நிற்கிறது.

வெள்ளிப்பட்டறை செங்கோட்டுவேல்
வீட்டு வரியை மாநகராட்சியிலேயே கட்டிக்கொள்வாராம்.
அடிவாரத்தில் மனை விற்கிறவர்கள்
"மாநகராட்சி எல்லைக்குள்" என்று
போன தையிலேயே பலகை நட்டுவிட்டார்கள்.
அவர்கள் சபையில் அது எப்போதோ நிறைவேறிவிட்டது.

நூறு நாள் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு
பாவாயி வந்தாள்.
"நாங்க என்னைக்குங்க டவுன்காரங்க ஆவோம்?"
தெரியாது என்றேன்.
"அன்னைக்குக் காலையில
மம்பட்டிய எடுத்துட்டு வரணுமா, வேண்டாமா?"

கிராமசபையில் இரண்டு தீர்மானங்கள்.
எங்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒன்று.
சேர்ந்ததும் தெருவிளக்கை எல்.இ.டி. ஆக்க வேண்டும் என்று இன்னொன்று.
இரண்டும் ஏகமனதாக.
என் கையெழுத்தில்தான் எழுதினேன், அடுத்தடுத்த பக்கங்களில்.

முத்திரையில் "ஊராட்சி" தேய்ந்து
"ஊரா" மட்டும் விழுகிறது.
கடைவீதி முத்திரைக்காரர் கேட்டார், எந்தப் பேர் போட?
பழைய பேர் என்றால் சீக்கிரம் வீணாகும்,
புதிய பேர் என்றால் இன்று செல்லாது.
"தேதி மட்டும் வச்சு ஒண்ணு செய்யட்டுமா?"
செய்யச் சொல்லலாமா என்று
ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.

அங்கன்வாடிக் கட்டடம்
ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது.
அடுத்த தவணை, மசோதாவுக்குப் பிறகாம்.
அடுப்பு வரவேண்டிய மூலையில்
ஒரு பப்பாளி
யாருடைய ஒப்புதலும் கேட்காமல் முளைத்து
சுவரைத் தாண்டிக் காய்த்தும் விட்டது.

நான்காவது நாள்
குடங்கள் அலுவலகம் வரைக்கும் வந்தன.
யாரும் கத்தவில்லை. குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப்
போய்விட்டார்கள், ஒரு மாலை முழுக்க
முப்பத்தாறு வாய்கள் என்னைப் பார்த்திருந்தன.

ப்ளீச்சிங் பவுடர், மூட்டை இருபது, என்று எழுதினேன்.
அவ்வளவு பவுடருக்கு ஏற்காடு ஏரியே வெளுத்துப் போகும்.
தணிக்கைக்கு வருகிறவர் வரட்டும்,
எந்த அலுவலகத்திலிருந்து வருவார் என்பதே
இன்னும் முடிவாகவில்லை.

இரவு பதினொன்று.
மலைப்பாதை வளைவில் ஒரு லாரி விளக்கு
தோன்றி மறைந்து, மேலே தோன்றியது.
தொட்டிக்குள் முதலில் காற்று இருமியது.
பிறகு தண்ணீர்.

மறுநாள் மாதையன் பழம் கொண்டுவந்தார்,
பாதி, செய்தித்தாளில் சுற்றி.
மீதியை ஆயாவிடம் கொடுத்துவிட்டாராம், பிள்ளைகளுக்கு.
ஈரத்தில் ஊறிய வரியை எழுத்துக்கூட்டினேன்:
அடுத்த கூட்டத்தொடருக்கு ஒத்தி
அதன் கீழே கிழிந்திருந்தது.

விதையை என்னங்க செய்ய, என்று கேட்டார்.
கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியே உதறினார்.